வள்ளத்தில் எண்ணிய நாடி

பனிமய மாதா துணை

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.
20-1-1976

அன்பு மகள் ஆக்னஸுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தம்பி வளனும் சுகம். உன் சுகத்தையும், பெங்களூர்க் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது என்பதையும் எழுது. அம்மா உனக்கென்று கருவாட்டையும் மக்ரூனையும் ஒரே பையில் கட்டி வைத்திருக்கிறாள். வாடை ஏறிவிடும் என்றால் கேட்கிறாளா, அவள் சொன்னதுதான் வேதம்.

வளன் விஷயமாக எழுத வேண்டும், எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. போன மாதம் சங்கு குளிக்க இறங்கினவனுக்கு அடியில் கிடந்த பழைய வலையில் கால் சிக்கிக்கொண்டதும், கயிறு பிடித்திருந்த நான் அவனை இழுத்துத் தூக்கியதும் உனக்குத் தெரியும். அவன் மனதில் பயம் தங்கிவிட்டதா என்று கேட்டாய். உங்கள் ஆஸ்பத்திரியில் பயந்த ஆட்களின் விரலில் கம்பியை மாட்டி, உள்ளங்கை வியர்ப்பதையும் நெஞ்சு அடிப்பதையும் மிஷினில் அளக்கிறீர்கள், வாய் பயமில்லை என்றாலும் உடம்பு உள்ளதைச் சொல்லிவிடும் என்று எழுதினாய். மிஷினுக்குப் பதிலாக நாடியை அரை நிமிஷம் எண்ணி இரட்டிக்கச் சொன்னாய். அப்படியே எண்ணி அனுப்பினேன். வீட்டில் எழுபத்திரண்டு, கரையில் தொண்ணூற்றாறு, வள்ளத்தில் அவன் குதிக்கப் போகும்போது நூற்றிருபத்தாறு. அதைப் பார்த்துவிட்டு, தம்பியைக் கொஞ்ச நாள் கடலுக்கு விடவேண்டாம் என்று உன் டாக்டரும் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பயமும் இல்லப்பா, என்னைய எறங்க விடுங்க என்று பிள்ளை கெஞ்சினான். ஏலே, ஒன் ஒடம்பே சொல்லுது, சும்மா கெட என்று அடக்கிவிட்டேன். வள்ளத்து முதலாளி சம்மாட்டியிடம் அவனுக்குப் பதில் வேறு ஆள் பார்க்கவும் சொல்லிவிட்டேன். சீசன் நடுவில் கரையில் உட்கார்ந்த பிள்ளை சோறு தின்பதை விட்டான், அம்மா என்னோடு பேசுவதை விட்டாள்.

நேற்று கயிறு அறுத்த கைக்கு மருந்து போட வளனோடு கம்பவுண்டர் ஜீவமணியிடம் போனேன். போன இடத்தில் சும்மா இருக்காமல், நானும் நாடி பார்ப்பேனாக்கும் என்று வளன் கையைப் பிடித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பை என்னவென்று எழுத. அண்ணாச்சி, பெருவெரல வச்சா இத்தன நாளும் பாத்திய, அதுல துடிக்கது ஒங்க நாடில்லா என்றார். முப்பது வருஷம் கயிறு பிடித்த கை மகளே. கீழே இருப்பவன் லேசாக அசைத்தாலும் முதலில் பெருவிரலுக்குத்தான் தெரியும், எதைத் தொட்டாலும் அதுதான் முந்திக்கொண்டு போகிறது. எனக்கு மனசு ஆறாமல் இன்று காலை அவரையும் வள்ளத்தில் ஏற்றிப் போனேன். பாவம், வழியெல்லாம் வாந்தி. அப்படியும் இரண்டு விரலை வைத்து எண்ணினார். குதிக்க நின்ற வளனுக்கு எழுபத்தாறு. எனக்கு நூற்று முப்பது.

பயந்தவன் நான்தான் ஆக்னஸ். அன்றைக்குக் கயிறு அசையாமல் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அதைத் தூக்கிப் பிள்ளை தலையில் கட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இனிமேல் கயிற்றை வள்ளத்தில் இருக்கிற உன் மாமா பிடிக்கட்டும் என்று வளனிடம் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. வேண்டாம்பா, நீங்களே புடிங்க, பயப்படுதவன் கயித்த விடமாட்டான் என்று சொல்லிவிட்டுக் குதித்தான். ஏழு சங்கோடு ஏறி வந்தான். சம்மாட்டியிடம் கையைக் காலைப் பிடித்து அவன் இடத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டேன். அம்மா இன்று எனக்கு மீன் தலையை வைத்துப் பரிமாறினாள்.

டியூட்டிக்குப் போகும்போது கம்பளிச் சட்டை போட்டுக்கொள், ஜெபமாலையை மறக்காதே. உன் கடிதம் பிந்தினாலும் எனக்கு இந்த நெஞ்சடிப்புதான், வாரம் ஒரு கார்டாவது போடு. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக. மறந்துவிடாமல் ஒன்று செய். உன் டாக்டர் நோட்டில் வளன் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, பர்னபாஸ், வயது ஐம்பத்திரண்டு, கயிறு பிடிக்கிறவன் என்று எழுதச் சொல்.

உன் அப்பா,
ச. பர்னபாஸ்