பேர் போடாத சீட்டு

நவ. 10, 2014, திங்கள்

காலையிலிருந்து தூறல். விழுப்புரத்தில் பஸ் ஏறியது 7.50. விக்கிரவாண்டி டோல்கேட்டில் இருபது நிமிடம் லாரிக்குப் பின்னால். திண்டிவனம் ஆபீஸ் 9.25. எனக்கு முன்னால் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. என்ன பேச்சு?

வழக்கம்போல் நின்றபடியே பத்து நிமிட மீட்டிங். பஸ் டிக்கெட் வெப்சைட்டில் அருள் சீட் தேர்வு செய்யும் பக்கம், குமரன் பணம் கட்டும் பக்கம், பிரேமா டெஸ்டிங்.

"தடை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லக்கா." மூன்று பேரும் ஒரே மாதிரி. தடையே இல்லாமல் ஒரு வேலை நடக்குமா?

வெள்ளிக்கிழமைச் சீட்டுகளை இன்றுதான் நிதானமாகப் படித்தேன். வாரக் கடைசியில் ஆளுக்கு மூன்று சீட்டு, பேர் போடாமல், நல்லது கெட்டது எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். ஒரு சீட்டில்: "நாங்க எழுதின ப்ரோகிராம் கோடை டீம் லீடு எங்களுக்குத் தெரியாம மாத்துறாங்க. கேட்டா நல்லதுக்குத்தான்றாங்க."

மாற்றுகிறேன்தான். ஒழுங்காக எழுதினால் நான் ஏன் தொடப் போகிறேன்? பயங்கர எரிச்சல். யார் எழுதியது?

மதியம் சென்னை மேனேஜர் போன். ப்ராஜெக்டைச் சுருக்குகிறார்களாம். "உங்க டீம்ல ஒருத்தரை வேலையிலேர்ந்து ரிலீஸ் பண்ணணும் ரீட்டா. வெள்ளிக்குள்ள ஒரு பேரு கொடுங்க. டீம்ல யாருக்கும் சொல்லாதீங்க."

வாங்க வேண்டியது: தக்காளி, அத்தைக்கு மாத்திரை. குடைக் கம்பி சரி செய்ய.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டது. லீவு லெட்டர் ஃபைலை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டேன். சென்னையின் உத்தரவுப்படி லீவு லெட்டர் கையால்தான் எழுத வேண்டும். நல்லதாய்ப் போயிற்று.

சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
பிரேமா: சாய்ந்த எழுத்து. இல்லை.
குமரன்: கோழி கிளறின மாதிரி. இல்லை.
அருள்: உருண்டை எழுத்து, 'ழு'வின் வால் சுழித்து மேலே போகிறது. சீட்டிலும் அதே வால். மாட்டினான்.

கிளியனூர்க்காரன். நான்தான் இன்டர்வியூ செய்து எடுத்தேன். அம்மா களையெடுக்கப் போகிறவர். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வருவது இவனால்தான். அதெல்லாம் தெரியும். அதற்காக இப்படி எழுதலாமா?

மதியம் வேகவைத்த மல்லாட்டைக் கடலை கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தான். மற்றவர்களுக்கு ஒரு கை, எனக்கு இரண்டு கை. ஏன் எனக்கு மட்டும்?

சாயந்திரம் வீட்டில் இவரிடம் சொன்னேன். "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்டி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவ. 12, புதன்

காலை பத்து மணிக்கு பஸ் கம்பெனியிலிருந்து போன். மொபைலில் சீட் தேர்வு செய்தபின் 'உறுதி செய்' பட்டனே இல்லையாம். யாராலும் டிக்கெட் எடுக்க முடியவில்லை. நல்ல டோஸ்.

"அருள், பட்டன் எங்க?"

"நேத்து ஆறு மணிக்கு வெச்சி, ரெண்டு போன்ல பார்த்துட்டுத்தான் போனேங்க்கா."

"அப்போ அதுவா எழுந்து நடந்து போயிடுச்சா?"

"தெரிலக்கா. பேஜாரா இருக்குது. ஜல்தியா சரி பண்ணிடறேன்."

பிரேமா குமரனைப் பார்த்தாள். குமரன் கீபோர்டைப் பார்த்தான். கூட்டு சேர்ந்திருக்கிறார்கள். என் பேரைக் கெடுக்க வேண்டுமென்றே எடுத்திருக்கிறான். அப்படிச் சீட்டு எழுதியவன் இதையும் செய்வான்.

4.15க்கு மேனேஜருக்கு மெயில். 'அருள்' என்று மட்டும். அனுப்பியதும் தலைவலி. இரண்டு டீ.

நவ. 13, வியாழன்

பட்டன் போன காரணத்தை பஸ் கம்பெனியில் எழுத்தில் கேட்கிறார்கள். கோடு மாற்றங்களின் பதிவைத் திறந்தேன். எந்த வரியை யார், எப்போது தொட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பட்டன் வரிகள் அழிந்தது செவ்வாய் மாலை 7.05. அழித்தவர்: ரீட்டா.

நான்! உலையில் அரிசி போட்டுவிட்டு, வீட்டிலிருந்தே அவன் கோடை 'ஒழுங்கு' செய்த நேரம். மொபைலில் போட்டுப் பார்க்கவில்லை.

ஆனாலும் சீட்டு எழுதியது அவன்தானே? அது பொய்யாகிவிடுமா? மெயிலைத் திரும்ப வாங்கவில்லை. காரணம்: 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி அனுப்பினேன். வெட்கம்.

கிளம்பும்போது குமரன்: "யாரையோ தூக்கப் போறாங்கன்னு பேசிக்கினு இருக்காங்க. நெஜமாக்கா?"

"உன் வேலையைப் பாரு."

நவ. 14, வெள்ளி

பிஸ்கட் டப்பாவில் ஒன்பது சீட்டு. ஒன்பதும் ஒரே கையெழுத்து. உருண்டை. வால் மேலே.

"யாரு எழுதினது இதெல்லாம்?"

பிரேமாதான் பேசினாள். "கீழ ஜெராக்ஸ் கடையில இருக்கிற அக்கா. நாங்க சொல்லச் சொல்ல எழுதினாங்க."

"எதுக்கு?"

"நீங்க லீவு லெட்டரை வெச்சிக்கினு சீட்டோட ஒத்துப் பார்த்ததை குமரன் பார்த்துட்டான். பேரு போடாதீங்கன்னு சொல்லிட்டு நீங்களே கையெழுத்தைத் தேடினா நாங்க என்னக்கா பண்றது? போன வாரம் உங்களைப் பத்தி எழுதினது நான்தான். பயந்துக்கினு அதை மட்டும் அவங்களை எழுத வெச்சேன்."

"அப்போ அருள் லீவு லெட்டர்?"

"அதுவும் அவங்கதாங்க்கா" என்றான் அருள். "என் எழுத்து எனக்கே புரியாது." சிரிக்கிறான். ஐயோ.

சொல்லிவிட்டேன். சென்னையில் ஒரு பேர் கேட்டது, நான் அவன் பேரைக் கொடுத்தது, பட்டனை அழித்ததும் நான்தான் என்பது, எல்லாவற்றையும். பிரேமா அழ ஆரம்பித்தாள். அருள் அழவில்லை. "எந்தத் தேதிலேர்ந்துக்கா?" என்று மட்டும் கேட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

உடனே மேனேஜருக்குப் போன். "திங்கக்கிழமை லெட்டர் போகுது ரீட்டா. மாத்தணும்னா நாளைக்குள்ள வேற பேரு அனுப்புங்க. பேரே இல்லன்னா முடியாது."

நவ. 15, சனி

நல்ல வெயில். இரண்டு நாள் துணி காய்ந்தது.

மெயிலைத் திறந்து உட்கார்ந்தேன். 'பிரேமா' என்று அடித்தேன். ஆமாம், அடித்தேன். அந்தச் சீட்டின் கோபம் இன்னும் போகவில்லை. அழித்தேன். குமரனுக்கு ஏதாவது காரணம் கிடைக்குமா என்று தேடினேன். இல்லை. கடைசியில் என் பேரையே போட்டு 11.20க்கு அனுப்பினேன்.

"உடனே போன் வரும் பாருங்க. லீடு இல்லாம டீம் எப்படின்னு கத்துவார்" என்று இவரிடம் சொன்னேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

11.22. மெயில்தான் வந்தது. "ஓகே ரீட்டா. தேங்க்ஸ்."