எட்டு மணிக்கு நிற்க வேண்டிய மழை

ஐப்பசி 20, வெள்ளி. கலஹா, கண்டி மாவட்டம்.

இன்று நடந்ததையெல்லாம் முன்கூட்டியே சொன்னவன் நான்தான். காலை வெயில் தேயிலை மலையைச் சுட்டதுமே, "சூடான காத்து மேல ஏறும், மூணு மணிக்கு மழை கொட்டும்" என்றேன். கொட்டியது. கண்டி முழுக்க என் பேச்சுத்தான்.

மாலையில், மண்மேட்டின் அடியிலுள்ள தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து தங்கச்சி செல்வி வந்தாள். "அண்ணே, மேட்டுல வெடிப்பு விட்டிருக்கு. புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரவா?"

"அடுப்ப அணைச்சா உலை கொதிக்குமா? சூரியன் எறங்கிருச்சு, எட்டு மணிக்கு மழை நின்னுரும். கவர்மெண்ட் கச்சேரி ஆபீஸ் ஐயாவே எனக்கு போன்ல சொன்னாரு."

"ஐயா சொன்னா சரிதான்" என்று திரும்பிப் போனாள்.

இப்போது மணி பத்து. மழை வலுக்கிறது. அவளுடைய போன் வேலை செய்யவில்லை. டார்ச்சைக் கையில் எடுத்துவிட்டேன், இறங்கிப் போய் அவர்களைக் கிளப்ப வேண்டும். என்ன சொல்லிக் கிளப்புவது? கச்சேரியிலிருந்து எனக்கு யாரும் போன் பண்ணவில்லை.