உமிமூட்டைக்கு ஒரு முகம்

யட்டவத்த,
14.7.1957

என் கண்மணி மகன் ஜவாஹிருக்கு, உம்மாவின் ஸலாம். கொழும்பில் நீயும் உன் புது வீட்டாரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

முதலில் உன் பிள்ளைகளின் சங்கதி. ஸரீனா எஸ்.எஸ்.சி. பாஸ், கணக்கில் அவள்தான் முதல். பீபி குர்ஆனை முழுதும் ஓதித் தமாம் பண்ணிவிட்டாள், மதரசாவுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுத்தோம். நுஹ்மான் மாத்தளையில் குத்துச்சண்டைக் கோப்பை எடுத்தான், பிறகு கண்டியிலும் எடுத்தான். இரண்டும் என் அலுமாரி மேல். வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்க்காமல் போக விடமாட்டேன்.

நீ ஹமீமாவையும் பிள்ளைகளையும் விட்டுப் போன பிறகு நுஹ்மான் பாயை விட்டு எழும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தான். அதனால்தான் பட்டாளத்தில் குத்துப் பழகிய ஜமால்தீன் மாஸ்டரிடம் விட்டேன். அவர் பிரம்பால் வெளுத்தார். முட்டை வாங்கிக் கொடுத்து ஆசையும் காட்டினார். பயல் மசியவில்லை. ஒருநாள் சுவரிலிருந்த உன் படத்தைக் கழற்றி, குத்திப் பழகப் பலாமரத்தில் தொங்கவிட்ட உமிமூட்டையில் ஒட்டினார். "ஒங்கட உம்மாவ அழ வெச்ச மொகம் இது. குத்துடா" என்றார்.

அன்றிலிருந்து சுபஹு தொழுகைக்கு முன்னே தானாக எழும்பினான். எனக்குப் பெருமைதான், மறைக்கமாட்டேன். முதலில் உன் மூக்கு போனது, பிறகு கண். கடைசியில் அவன் விரல்முட்டி ரத்தம் காய்ந்துதான் அந்தத் தாள் மூட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹமீமா அந்தப் பக்கம் திரும்பாமலே தண்ணீர் அள்ளுவாள்.

போன கிழமை மாஸ்டர் அவனை நாலந்தா ஊர்ப் பையன் ஒருவனோடு முற்றத்தில் குத்திப் பழக விட்டார். அவன் விழுந்த பிறகும் நுஹ்மான் விடவில்லை. நெஞ்சில் ஏறி இருந்து முகத்திலேயே குத்தினான். குத்துக்கு ஒரு தடவை வாப்பா, வாப்பா என்று கத்தினான். அந்தப் பிள்ளை தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. மாஸ்டர் இனித் தன்னால் ஏலாது என்று வருவதை நிறுத்திவிட்டார்.

மிச்சத் தாளை நானே உரித்தேன். வெறும் மூட்டைக்கு முன்னால் அவன் கை எழும்பவில்லை. நேற்றுச் சோறு தின்னும்போது அமைதியாகக் கேட்டான், "வாப்பும்மா, கொழும்புல வாப்பாட வீடு எந்தத் தெரு?" மறந்துவிட்டது என்றேன். உன் விலாசம் எனக்கு மனப்பாடம். நீ அனுப்பிய உறைகளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

மகன், இப்போது இந்தப் பக்கம் வராதே. புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பு. முகம் பெரிதாக இருக்கட்டும். மூட்டையில் நானே ஒட்டுகிறேன், அவன் அதிலேயே குத்தித் தீர்க்கட்டும். உறைக்குப் பின்னால் விலாசம் எழுதாதே.

அல்லாஹ் உன் முகத்தைக் காப்பாற்றட்டும். சுவரில் இருந்தது அந்த ஒரு படம்தான். அதனால் புதுப் படத்தை இரண்டு பிரதி போட்டு அனுப்பு மகன், ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்ற
நூருன்னிஸா