துவக்குக்குப் பின்னால் நிற்கிறவர்

9 ஜூலை 1951, திங்கள்

காலையிலிருந்து மழை. குடையில் இன்னொரு கம்பியும் போயிற்று. மேட்டு லயத்து வரிசை வீட்டில் இருளாயிக்குப் பிரசவம் பார்த்தேன், பெண் குழந்தை. தாய் உடம்பில் ரத்தமே இல்லை. முட்டையாவது வாங்கிக் கொடு என்றேன். புருஷன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

பிறகு துரை பங்களா. துரைசானிக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து தினமும் போக வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு வயிற்று உப்புசம். குளிப்பாட்டி முடித்துத் திரும்பும்போது துரையின் எழுத்து மேசை அறை திறந்து கிடந்தது. ஆள் இல்லை. மேசையில் ஒரு பட ஆல்பம், விரித்தபடி. கறுப்புத் தாளில் சின்னச் சின்னப் படங்கள். துரை பர்மாச் சண்டைக்குப் போனவர் என்று எல்லாருக்கும் தெரியும்.

எல்லாப் படத்திலும் ஜப்பான் சிப்பாய்கள். ஒவ்வொருவன் கையிலும் துவக்கு. ஒன்றில் மூன்று பேர். நடுவில் இருப்பவன் துவக்கை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துச் சிரிக்கிறான். அவன் தோளுக்குப் பின்னால் கூடை சுமந்துகொண்டு ஒரு ஆள். சட்டை இல்லை.

ச.

(பெயரை இங்கே கூட முழுதாக எழுத வரவில்லை. தாலி கட்டியவர் பெயர்.)

துரைசானி மணி அடித்தாள். திரும்பிப் போனேன். என்ன கேட்டாள், என்ன சொன்னேன், நினைவில்லை.

வாங்க வேண்டியது: லைசால், பஞ்சு, மண்ணெண்ணெய், மாமிக்கு வெற்றிலை.

மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை.


10 ஜூலை, செவ்வாய்

மழை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்குச் சாக்குக் கொங்காணி போர்த்திக்கொண்டு மலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே டிஸ்பென்சரி வாசலில் நின்றிருக்கிறேன். டிஸ்பென்சர் இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

அவராக இருக்க முடியாது. சண்டைக்கு முன்பு மலாயா போனார். அங்கே அவருடைய சித்தப்பா ரப்பர் தோட்டத்தில் இருந்தார், இரண்டு வருஷம் உழைத்துவிட்டு வருவதாகப் பேச்சு. பிறகு சண்டை. ஒரு தகவலும் இல்லை. எல்லாம் முடிந்து நாற்பத்தாறில் மலாயாவிலிருந்து திரும்பிய ஒருவர் வந்து சொன்னார், சிங்கப்பூரில் குண்டு விழுந்தபோதே, நாற்பத்திரண்டிலேயே, ச. போய்விட்டார் என்று. கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். மாமி மகனுக்காக அழுதுகொண்டே அவருக்குக் கோழி அடித்துப் போட்டார்.

அதன் பிறகுதான் நான் மருத்துவச்சிப் படிப்புக்குக் கண்டிக்குப் போனது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தது.

முகம் ஒரு மாதிரி இருக்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர்.


11 ஜூலை, புதன்

மறுபடி பார்த்தேன். பிள்ளை தூங்கிற்று, துரைசானி குளிக்கப் போனாள்.

வலது முழங்கால் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது மலையில் விழுந்த கால். தலைத்துண்டின் முனை இடது காதுக்கு மேல் செருகி. உடம்பு எலும்பும் தோலும். ஆனாலும் அவர்தான். நெஞ்சுக்குக் குறுக்கே அந்தத் துவக்கின் குழல்.

கீழே இங்கிலீஷில் ஒரு வரி. "அமெரிக்கன்" மட்டும் படிக்க முடிந்தது.

அப்படியென்றால் சிங்கப்பூரில் சாகவில்லை. அல்லது சாவதற்கு முன்னால் எடுத்த படமா? எப்போது எடுத்தது என்று தெரிந்தால் போதும். துரையிடம் எப்படிக் கேட்பது. பங்களாச் சமையல்கார டெனிஸ் அப்புவிடம் கேட்டால் இன்று மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

தே. ஸ்டோரிலிருந்து ஆள் அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று. டீமேக்கர் தேவராஜ், ஸ்டோரில் கொழுந்தைத் தூளாக்குகிறவர். பெண்சாதி தவறி நாலு வருஷம். தையில் எங்கள் கல்யாணம் என்று பேசி வைத்திருக்கிறது. மாமிதான் முன்னின்று பேசியது.

வரச்சொன்னேன்.


14 ஜூலை, சனி

துரை பிடித்துவிட்டார். நான் ஆல்பத்தின் மேல் குனிந்திருக்கிறேன், கதவில் அவர். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

கோபப்படவில்லை. பைப்பைத் தட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"பார், பார். உனக்குத் துவக்கு பிடிக்குமா?"

தோட்டத்துத் தமிழ்தான் அவருக்கும், வேலை வாங்குகிற தமிழ். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது டாமி கன். இது கார்பைன். எல்லாம் அமெரிக்காக்காரன் செய்தது. எங்களுக்குக் கொடுத்தான். எங்க ஆள் செத்தால் ஜப்பான்காரன் எடுப்பான். அப்புறம் படம் பிடிப்பான். வீட்டுக்கு அனுப்ப."

"இந்தப் படமெல்லாம் துரைக்கு எப்படிக் கிடைச்சதுங்க?"

"செத்த ஜப்பான் பையிலே. அது என் வேலை. பையிலே இருக்கிற படம் எல்லாம் பார்க்கிறது. எங்க துவக்கு அவன் கையிலே எத்தனை இருக்கு, என்ன மாதிரி துவக்கு. எழுதி மேலே அனுப்பணும்." ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். "ஒரு துவக்கு, எங்க ஆள் ஒருத்தன். விளங்குதா?"

விளங்கிற்று.

மூன்று பேர் இருக்கிற படத்தைக் காட்டி, இது எந்த வருசங்க என்றேன்.

"நாப்பத்தி நாலு."

"அதுக்கு முன்னால இருக்காதுங்களா?"

"இருக்காது. இந்தத் துவக்கு அதுக்கு முன்னே பர்மாவிலே இல்லை. நாங்க பிளேனிலே இருந்து காட்டுக்குள்ளே போட்டது." பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஏன்?"

"பின்னால நிக்கிறவரு எங்க வீட்டுக்காரருங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை பார்த்திருக்கேன்," என்றார். "இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை."

உட்காரச் சொன்னார். அந்த வீட்டில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. நின்றேன். அவர்தான் உட்கார்ந்தார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மலாயாவிலிருந்து ஜப்பான்காரன் தமிழ் ஆட்களை ரயில் ரயிலாகக் கொண்டுபோனான், பாதை போட, சாமான் சுமக்க. குடிசைகளில் வாந்திபேதி. துரையின் பட்டாளம் அந்த இடத்தைப் பிடித்தபோது பாதிக் குடிசைகளில் பேச்சு மூச்சு இல்லை. பிழைத்தவர்களைச் சண்டை முடிந்ததும் கப்பலில் மலாயாவுக்குத் திருப்பி அனுப்பினார்களாம்.

"பேர் எழுதி வச்சிருக்காங்களா துரை?"

"துவக்குக்கு நம்பர் இருக்கு," என்றார்.


15 ஜூலை, ஞாயிறு

மழை விட்டு மூடுபனி. துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேல் கயிறு கட்டியிருக்கிறது, வீடெல்லாம் புகை நாற்றம்.

தே. வந்தார். மாமி கோயில் பக்கம் போயிருந்ததால் திண்டாட்டம் இல்லாமல் சொல்ல முடிந்தது. முழுக்கச் சொன்னேன். தேநீர் ஆறிப் போகும் வரை கேட்டார். அவர் தொழிலுக்கு ஆறிய தேநீர் ஆகாது. அப்படியே குடித்தார்.

"அவரு இருக்காருன்னு சொல்றீங்களா?"

"தெரியல. நாப்பத்தி நாலுல இருந்தாரு. அவ்வளவுதான் தெரியும்."

"பொழச்சிருந்தா மலாயாவுக்குத் திரும்பியிருப்பாரு. ஏழு வருசமாச்சுங்க. ஒரு கடுதாசி போட மாட்டாரா?"

அதுதான். நேற்றிலிருந்து எனக்குள் ஓடுவதும் அதுதான். ஒன்று அந்தக் குடிசையில் செத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயோ இருந்துகொண்டு எங்களை வேண்டாம் என்று விட்டிருக்க வேண்டும். இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வது.

இத்தனை வருஷமாக அவருக்கு ஒரு சாவு இருந்தது. குண்டு, ஒரே நொடி. அதைப் பழகி வைத்திருந்தேன். இப்போது அது அவருடையது இல்லை என்றாகிவிட்டது.

"மாமிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லணும்," என்றார். குடையை எடுத்துக்கொண்டு போனார். தையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.


18 ஜூலை, புதன்

இருளாயி குழந்தை பால் குடிக்கிறது. நல்ல சேதி இது ஒன்றுதான்.

துரை படத்தைக் கழற்றி உறையில் போட்டுக் கொடுத்தார். ஹட்டனில் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தரச் சொன்னார். அந்தத் துவக்கு யாருடையது என்று அவருக்குத் தெரியுமாம். கட்டையில் ஒரு வெட்டு அடையாளம். அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்திருந்தவருடையது. "சரிங்க துரை" என்று உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.


21 ஜூலை, சனி

ஹட்டன். பஸ் தலவாக்கலையில் வெகுநேரம் நின்றது. முன்சீட்டில் இரண்டு பேர் இலங்கைப் பிரஜாவுரிமை மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். "அப்பன் எங்க பொறந்தான்னு கேக்குறான். அப்பனே செத்துப்போனான், யாருகிட்ட கேக்க?"

ஸ்டூடியோக்காரர் படத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"ஜப்பான் துவக்கா?"

"அமெரிக்காத் துவக்கு. ஜப்பான்காரன் புடுங்கி வச்சிருக்கான்."

"அட. உங்களுக்கு எப்பிடிம்மா இதெல்லாம்?" பிறகு, "பின்னால நிக்கிற ஆளு மட்டும் வேணும்னா பெருசாக்கித் தர்றேன். துவக்குக் குழல் குறுக்க வருது, அதை அழிச்சு விட்டுறலாம். சட்டை கூட போட்டு விடலாம். கோட்டு வேணுமா?"

வேண்டாம், உள்ளபடியே எடுங்கள் என்றேன். குழலை அழித்தால் அது எந்த வருஷத்துப் படம் என்று யார் சொல்வது.

வாங்கியது: பஞ்சு, மாமிக்குக் கண் மருந்து. லைசால் கிடைக்கவில்லை.


28 ஜூலை, சனி

பிரதி வந்தது. மாமியிடம் காட்டினேன்.

எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். மாமிக்குத் தூரம்தான் மங்கல். கிட்டத்தில் அரிசியில் கல் பொறுக்குவார். அவ்வளவு நேரம் அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"இவன் இல்ல," என்றார்.

"மாமி, அந்தக் கால பாருங்க."

"எத்தனையோ பேருக்கு அப்பிடிக் காலு. எம்புள்ளையை எனக்குத் தெரியாதா? இது எவனோ." படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஆடி அமாவாசை வருது. போன வருசம் மாதிரி படையல் போடணும். நெத்திலிக் கருவாடு சொல்லி வையி. அவனுக்குப் புடிக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோதும் கோபம் யார் மேல் என்று தெரியாமல் நின்றேன்.


2 ஆகஸ்ட், வியாழன். ஆடி அமாவாசை

பாதி நாள் லீவு. மாமி தானே சமைத்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய், சுருட்டு ஒன்று. விளக்கு முன்னால் இலை போட்டு, செத்தவனைக் கூப்பிடுகிற மாதிரியே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "சாமி சண்முகம், வந்து சாப்பிட்டுப் போய்யா." குரல் உடையவில்லை.

நானும் கும்பிட்டேன். யாரைக் கும்பிடுகிறேன் என்று தெரியாமல்.

மாலையில் தே. வந்தார், படையல் சோறு வாங்க. மாமி அவரை உட்கார வைத்துச் சொன்னார்:

"தை வரைக்கும் என்னத்துக்கு? ஆவணியிலயே வச்சுருங்க. என் வயித்துல பொறந்தவ மாதிரி இவ. எம்மகன் செத்து ஒம்பது வருசம். ஊருக்கே தெரியும்."

ஒன்பது வருஷம். சிங்கப்பூர்க் கணக்கு.

தே. என்னைப் பார்த்தார். வாசல் வரை கூடப் போனேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"காத்துக்கிட்டிருக்கத் தெம்பு இல்ல," என்றேன். "சந்தோசமா வர்றதுக்கும் தெம்பு இல்ல. உள்ளதைச் சொல்றேன்."

"சந்தோசமா வாங்கன்னு யாரு கேட்டா," என்றார். "எனக்கும் ஸ்டோர்ல ராவும் பகலும் நின்னு காலு போச்சு. வீட்ல ஒரு ஆளு இருந்து, நீ சாப்ட்டியான்னு கேட்டா போதும்."

ஆவணி என்று ஒத்துக்கொண்டேன்.


3 ஆகஸ்ட், வெள்ளி

துரையிடம் அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆல்பத்தில் பழைய இடத்திலேயே ஒட்டினார். கீழே இருக்கிற வரியோடு பேனாவால் ஏதோ சேர்த்து எழுதினார். என்னவென்று நான் கேட்கவில்லை. புருஷன் பெயரைக் கேட்டார். பெண்சாதி அதை வாயால் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியாது. சிலேட்டில் எழுதிக் காட்டினேன். முழுதாக.


5 ஆகஸ்ட், ஞாயிறு

வெயில், ஒரு மணி நேரம். துணியெல்லாம் வெளியே. கீழ் லயத்தில் அடுத்த பிரசவம் இந்த வாரம், இரட்டையோ என்று சந்தேகம்.

மாமி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கை உருவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குட்டித் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கேட்டார்.

"அந்தப் படத்துல நிக்கிறானே, எவனோ. அந்த ஊருல குளிருமாமா?"

"காடுங்கிறாங்க. மழையும் காய்ச்சலுமாம். குளிருமான்னு தெரியல மாமி."

"மேல ஒண்ணும் போடலையே," என்றார்.

கீரையை உருவிக்கொண்டே இருந்தார். காம்பெல்லாம் சேர்த்து.