மேஜரின் நன்னடத்தைச் சான்றிதழ்

அக்கா,

இன்று காலை ஊட்டி காந்தலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்து அந்தப் பழுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்தேன். இரண்டு வருஷமாக அதைத் தொடாமல் வைத்திருந்தேன். அந்துருண்டை வாசம் போக உதறியபோது, அடுப்பங்கரையில் சுருண்டு கிடந்த உங்கள் மேஜர் எழுந்து வந்தான். கோட்டின் கீழ்மடிப்பில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தான். பிறகு இரண்டடி பின்வாங்கி, முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்தான். இடுப்பு பிடித்துக்கொண்ட கிழட்டு நாய். சோறு வைத்தால்கூட நின்றுகொண்டேதான் தின்கிறான். அவன் இப்படி மரியாதையாக உட்காருவது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

தடவிப் பார்த்தேன். கம்பளிக்கும் உள்துணிக்கும் நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. மேலே தையல், அதுவும் இடப்பக்கம் சாய்ந்த தையல். இந்த வரிசை வீடுகளில் இடது கையால் ஊசி பிடித்தவர் நீங்கள் ஒருவர்தான். கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் உங்களிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

நான் சந்தேகக்காரிதான், இல்லை என்று சொல்லவில்லை. தேயிலை ஃபேக்டரி வாசலில் இருபத்திரண்டு வருஷம் நின்று, ஷிப்ட் முடிந்து போகிற பெண்களின் பையையும் மடியையும் தடவிப் பார்த்து அனுப்பியவள். தேயிலைத் தூள் பொட்டலம் எங்கே ஒளிந்திருந்தாலும் கை கண்டுபிடித்துவிடும். ரிடையர் ஆனபிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பால்காரர் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பேன். உங்களுக்கு அது பெரிய வேடிக்கை. "சந்தேகப்படறதுதான் படறே, முழுசாப் படு அம்மணி. பாதியில உட்டுடாதே" என்பீர்கள்.

நீங்கள் என் கதவைத் தட்டிய அன்று நமக்குள் ஐந்து மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மேஜர் என் செருப்பு இரண்டு ஜோடியைக் கடித்துத் துப்பியிருந்தான், என்னைக் கண்டாலே தொண்டை கிழியக் குரைப்பான், நானும் திருப்பித் திட்டுவேன். அப்படியிருக்க நீங்கள் வாசலில் நின்றுகொண்டு, "அம்மணி, எனக்கொரு அந்நியர் வேணும்" என்றீர்கள்.

"ஏனுங்க்கா, ஊர்ல அந்நியருக்கா பஞ்சம்?"

"இவனுக்குப் புடிக்காத அந்நியர் வேணும். உன்னைய உட்டா ஆளில்லை."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னீர்கள். கோயம்புத்தூரில் உங்கள் மகன் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தான். நல்ல பிள்ளை, உங்களை இந்தக் குளிரில் தனியாக விட அவனுக்கு மனமில்லை. நீங்கள் நேராக மாட்டேன் என்று சொல்லாமல், மேஜர் இல்லாமல் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். இல்லத்துக்காரர்கள், நாய்க்கு நன்னடத்தைச் சான்றிதழ் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். லவ்டேல் பக்கத்து மைதானத்தில் ஜனவரியில் பரீட்சை. பாஸானால் நீங்களும் நாயும் கோயம்புத்தூர். ஃபெயிலானால் இங்கேயே.

நாய்க்கு நன்னடத்தைச் சான்றிதழா என்று முதலில் சிரித்தேன். அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. போகப் போகிறவர் எதற்கு என்னிடம் சமாதானத்துக்கு வருகிறார்?

மூன்று மாதம் சாயந்திரம் சாயந்திரம் வீடுகளுக்குப் பின்னால் கேரட் தோட்டத்து ஓரம் பயிற்சி நடந்தது. நான் எதிரே வந்து உங்களுக்குக் கை கொடுக்க வேண்டும். மேஜர் குரைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் தலையைத் தடவினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்குள் கயிறு இறுகாமல் நடக்க வேண்டும். எல்லாவற்றிலும் கஷ்டமானது கடைசிப் பாடம்: நீங்கள் கயிற்றை அந்நியர் கையில் கொடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் மூன்று நிமிஷம் போய்விட வேண்டும். அவன் அழாமல், இழுக்காமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக நின்றால் ஒரு துண்டு வர்க்கி பிஸ்கட். அதை உங்கள் கையால் கொடுக்காமல் என் கோட்டுப் பையில் போட்டு வைத்து, என்னையே கொடுக்கச் சொல்வீர்கள். நான் பேக்கரி வர்க்கியை நாய்க்குப் போடுவதா என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பேன், பாதியை நானும் தின்பேன்.

ஒரு நாள் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் காட்டெருமை ஒன்று வந்து நின்றது. மேஜர் அதைப் பார்த்துவிட்டு என் காலடியில் மரியாதையாக உட்கார்ந்து என் பையைப் பார்த்தான். "இது நன்னடத்தையா, மடத்தனமாங்க்கா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்துச் சிரித்து இருமினீர்கள். அன்றைக்கே எனக்குத் தோன்றியது: இவன் என்னை அந்நியராக நினைப்பதை விட்டு வெகுநாளாயிற்று. பரீட்சைக்கு அந்நியரைப் பழக்க வேண்டும் என்றால் ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாமா? நீங்கள் ஒரு நாளும் மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் மாற்றிவிடுவீர்களோ என்று பயம்.

உண்மையைச் சொல்கிறேன். அவன் ஒவ்வொரு பாடத்திலும் தேறத் தேற, இவன் ஃபெயிலாகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கெடுக்க நினைத்திருந்தால் நூறு வழி இருந்தது. சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள், என்னிடம் வாங்கிப் போயிருந்த இந்தக் கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள். "உள்துணி கிழிஞ்சு தொங்குச்சு, தெச்சுட்டேன். நாளைக்குப் பனி சாஸ்தியா இருக்கும், இதையே போட்டுக்க" என்றீர்கள். வாசல்வரை போய்த் திரும்பி, "ஆனா நாளைக்கு நீ வரவேண்டாம்" என்றீர்கள்.

"ஏனுங்க்கா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

ராத்திரி முழுக்க அந்த இரண்டு வார்த்தை குடைந்தது. ஏன் வேண்டாம்? பரீட்சை முடிந்ததும் மகன் காரில் அப்படியே கோயம்புத்தூர் போய்விடப் போகிறீர்களோ? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா? விடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மைதானத்து வேலியோரம் சைப்ரஸ் மரங்களுக்குப் பின்னால் நின்றேன். மகன் கார் இல்லை. மேஜர் எல்லாவற்றிலும் தேறினான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கடைசிப் பாடம் வந்தது. கயிற்றைப் பரிசோதகர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கட்டடத்துக்குப் பின்னால் போனீர்கள். ஒரு நிமிஷம் நின்றான். இரண்டு நிமிஷம் நின்றான். காற்று என் பக்கத்திலிருந்து அடித்தது. மூக்கைத் தூக்கினான், ஒரே இழுப்பு, கயிறு அந்த மனிதர் கையை விட்டு வந்துவிட்டது. மைதானம் முழுக்க ஓடிவந்து, வேலியைத் தாண்டி, என் எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

பரிசோதகர் மூச்சு வாங்க வந்து, "நீங்க யாருங்க?" என்றார்.

"நான் யாருமில்லைங்க. அந்நியர்" என்றேன்.

நீங்கள் கட்டடத்து முனையிலிருந்து வந்தீர்கள். என்னைத் திட்டவில்லை. திரும்பும்போது பஸ்ஸிலேயே மகனுக்குப் போன் போட்டீர்கள். "எல்லாம் நல்லாத்தான் போச்சு கண்ணு. பக்கத்தூட்டு அம்மணி வந்து கெடுத்துப்போட்டா." நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டவள்தான்.

அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றரை வருஷம் இருந்தீர்கள். குற்ற உணர்ச்சியில் நான் தினமும் உங்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், மிளகு ரசம் கொண்டுவந்தேன், உங்களோடு உட்கார்ந்து டிவி பார்த்தேன். எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டீர்கள். அடுத்த பரீட்சை வந்தபோது, "அவனுக்கு இடுப்பு சரியில்ல, உட்டுத் தள்ளு" என்று முடித்துவிட்டீர்கள்.

போன ஜூலை மழையில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் நான்தான் கூட வந்தேன். குன்னூர் தாண்டி வளைவில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, "முழுசாப் படலியே அம்மணி" என்று சொன்னீர்கள். பிதற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். பர்லியாறு வருவதற்குள் போய்விட்டீர்கள். கல்லறைத் தோட்டத்தில் உங்கள் மகன் என்னிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னான். "நீங்க அன்னிக்கு வராம இருந்திருந்தா, ஆன்ட்டி, அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருந்திருப்பாங்க." நாயை நானே வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது வெட்டிவிட்டேன், அக்கா.

பேக்கரி வெண்ணெய்க் காகிதம், நாலாக மடித்தது. உள்ளே தூளாகிப்போன வர்க்கி. பை ஓட்டை வழியாகத் தானாக விழுந்திருக்கலாமே என்று உங்களுக்காகக் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். தானாக விழுந்த வர்க்கி காகிதத்தைச் சுற்றிக்கொண்டு நாலு மூலையும் தைத்துக்கொள்ளாது. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் மடியைத் தடவியவளின் கோட்டிலேயே பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள், கள்ளி!

கோபம் கோபமாக வந்தது. பெற்ற மகனிடம் மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டில் நான் இருந்தேன். எத்தனை குடம் தண்ணீர், எத்தனை சட்டி ரசம்! நான் அன்றைக்கு மைதானத்துக்கு வராமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் யோசித்தேன். ஊரையே சந்தேகப்படுகிறவள் நான். வரவேண்டாம் என்று சொன்னால் நான் வந்துவிடுவேன் என்பதில் உங்களுக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. என்னை அவ்வளவு நம்பியவர் வேறு யாருமில்லை.

சனிக்கிழமை உங்கள் மகன் என்னிடமிருக்கும் உங்கள் வீட்டுச் சாவியை வாங்க வருகிறான். இந்தக் காகிதத்தைக் காட்டினால் என் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் அம்மா தன்னோடு வர விரும்பவில்லை என்பதை அவன் இந்தக் காகிதத்தில் படிக்க வேண்டியிருக்கும். வேண்டாம். பக்கத்தூட்டு அம்மணி கெடுத்துப்போட்டாள் என்றே இருக்கட்டும்.

தூளைத் திரும்பக் காகிதத்தில் மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்துவிட்டேன். பழைய ஊசித்துளைகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அவற்றின் மேலேயே என் தையல் வலப்பக்கம் சாய்ந்து போகிறது. நான் தைத்து முடிக்கிற வரைக்கும் மேஜர் எழுந்திருக்கவே இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு அவனுக்குப் புது வர்க்கி வாங்கப் போகிறேன்.