ஏலத்தில் வாய் திறக்கக் கூடாது

3 ஜனவரி 1996, புதன்

பெயிண்ட் கம்பெனிக்காரன் கடைக்குக் கொடுத்த டைரி. வருஷாவருஷம் என் மனைவி லீலாபாய் இதில் பால் கணக்கு எழுதுவாள். இந்த வருஷம் நான் பிடுங்கிக்கொண்டேன். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, எனக்கும் ஏதாவது லட்சியம் வேண்டாமா? பெரிதாக ஒன்றுமில்லை. பாறசாலையில் இருக்கும் என் ஹார்டுவேர் கடைக்குத் தினமும் நடந்தே போவது, தொப்பை குறையட்டும். ராத்திரி மரச்சீனிக் கிழங்கு தின்பதை விடுவது. அப்புறம், சர்ச் ஏலத்தில் வாய் திறக்காமல் இருப்பது.

கடைசிதான் கஷ்டம். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த வாழைக்குலை, கோழி, கிழங்கு எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். லீலாபாயின் அண்ணன் கனகதாஸ் ஒரு விலை கேட்டால் போதும், என் வாய் தானாக அதற்கு மேல் கேட்கும். நான் கேட்டால் அவர் விடமாட்டார். நாங்கள் பேசி நாலைந்து வருஷமாகிறது. ஏலத்தில் விலை சொல்வதுதான் எங்களுக்குள் இருக்கும் ஒரே பேச்சு.

"அண்ணங்கிட்ட பேசணும், அதையும் எழுதுங்க" என்றாள் லீலாபாய். டைரியை மூடிவிட்டேன்.

4 ஜனவரி

நடந்து போனேன். பஸ்ஸில் திரும்பினேன். தனுவச்சபுரம் காலேஜ் பிள்ளைகள் நிறைந்த பஸ். ஒரு பெண் எழுந்து, "அப்பூப்பா, இங்க இரியுங்க" என்று இடம் கொடுத்தாள். தாத்தாவாம்! மகள் கல்யாணமே இன்னும் நடக்கவில்லை, அதற்குள் தாத்தா. உட்கார்ந்தேன், கால் வலி.

7 ஜனவரி, ஞாயிறு

தோற்றேன். ஏலம் விடும் வேதமாணிக்கம் ஒரு சேவலைத் தூக்கிக் காட்டினார். கனகதாஸ் விலை சொன்னார். அந்தத் தொண்டையைச் செருமுகிற செருமல் இருக்கிறதே — நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி — அதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. சேவல் இப்போது எங்கள் வீட்டில். அதற்கு என்னைவிட வயது அதிகம்.

8 ஜனவரி

சேவல் இன்னும் வேகவில்லை.

9 ஜனவரி

வெந்துவிட்டது என்று லீலாபாய் சொல்கிறாள். என் பல் ஒப்புக்கொள்ளவில்லை.

12 ஜனவரி, வெள்ளி

மே மாசம் மகள் ஜின்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோட்டுகால் ஊர்க்காரன், நல்ல பையன். தாய்மாமனை யார் போய் அழைப்பது என்று இன்று பேச்சு வந்தது. நீயே போய்ச் சொல்லிவிட்டு வாயேன் என்றேன். லீலாபாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க படி ஏறிப் போய் விளிச்சாத்தான் அண்ணன் வருவாரு. மாமன் இல்லாத பந்தல்ல என்னால சிரிச்சிட்டு நிக்க முடியாது, ஆமா."

பிறகு அழுதாள். அவள் அழுதால் சத்தமே வராது. அதுதான் எனக்குத் தாங்காது.

ஆனால் எப்படிப் போவேன்? சண்டைக்குக் காரணம் ஒரு சக்கைப்பழம், பலாப்பழம்தான். கனகதாஸின் மனைவி ரத்னபாய் காணிக்கையாக வைத்தது. தேன் வருக்கை, சுளை கெட்டியாக இருக்கும் என்று சொல்லி ஏலம் விட்டார்கள். வாங்கி வீட்டில் வெட்டினால் கூழன், கொழகொழவென்று கையோடு வந்தது. அடுத்த ஞாயிறு முற்றத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? கூழன் கூழன்தானே! வருக்கை மரம் வைத்திருக்கிற பெண்ணைப் பார்த்துக் கூழன் என்றால் சும்மா இருப்பார்களா என்கிறாள் ஜின்சி. நான் பொய்யா சொன்னேன்?

14 ஜனவரி, ஞாயிறு

முழுக் கருப்பட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். வாய் திறக்க வழியில்லை. கனகதாஸ் செருமினார். கை தூக்கிவிட்டேன். கையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை! தொட்டில் அளவுக்கு ஒரு சேனைக்கிழங்கு. ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தோம்.

நடையையும் விட்டாயிற்று. முட்டு வலி.

21 ஜனவரி, ஞாயிறு

ஜெயித்தேன். ஆனால் ஒரு மாதிரி இருக்கிறது.

வாயில் கருப்பட்டி, இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். ஒரு ஏத்தன் வாழைக்குலை. கனகதாஸ் விலை சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வேதமாணிக்கமும் பார்த்தார். சபையே திரும்பிப் பார்த்தது. நான் சர்ச் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தரம்..." என்று வேதமாணிக்கம் இழுத்தார். கனகதாஸ் பொறுக்கமாட்டாமல் இன்னும் கூட்டிக் கேட்டார்.

"ஓய், உம்ம விலைக்கு மேல நீரே கேக்குதீரே?" என்றார் வேதமாணிக்கம்.

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவில்லை. கனகதாஸ் சிரிக்கவில்லை. குலையை எடுக்காமலே போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று லீலாபாயிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

22 ஜனவரி, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதத்தான் வேண்டும்.

கடை திறந்ததுமே கனகதாஸ் வந்தார். ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வீட்டில் எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் உண்டு, எனக்குத் தெரியும். அப்புறம் கேட்டார்:

"அளியா, உமக்கு சொகமில்லியா?"

மச்சான் முறையில் அவர் என்னை அளியா என்று கூப்பிட்டு நாலைந்து வருஷமாகிறது.

"நேத்து லேலத்துல வாயே மிண்டாம நின்னீரு. முகமெல்லாம் வீங்கியிருந்திச்சு. ரத்னபாய் ராத்திரி முழுக்க உறங்கேல்ல, கேட்டீரா."

வீங்கியது கருப்பட்டியால். அதைச் சொல்லியிருக்கலாம். உம்மோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்பது என் புதுவருஷ லட்சியம் என்று எப்படி ஐயா ஒரு மனுஷன் முகத்துக்கு நேரே சொல்வது? "நெஞ்சு கொஞ்சம் அடைக்குது" என்று வாய் சொல்லிவிட்டது. இந்த வாய்!

அவர் தாழ்ப்பாளை அப்படியே போட்டுவிட்டு என் கடை ஷட்டரை இழுத்து மூடினார்.

"வாரும். வண்டியில கேறும்."

கனகதாஸ் சர்க்கார் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வாடகைக் காரில் டிரைவரை இந்தப் பக்கம் தள்ளி உட்காரச் சொல்லி அவரே ஓட்டினார். நெய்யாற்றின்கரை போய்ச் சேர்வதற்குள் எனக்கு நிஜமாகவே நெஞ்சு அடைத்தது. ஈசிஜி எடுத்தார்கள். கனகதாஸ் தனியே உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். முகம் இறுகியிருந்தது.

"காலத்த எழும்பி நடக்கணுமாம். நான் வாறேன்."

23 ஜனவரி

இருட்டு விலகும் முன்னால் வாசலில் செருமல். நடந்தோம். அவர் முன்னே, நான் பின்னே.

30 ஜனவரி

ராத்திரி மரச்சீனி தின்றேனா என்று கேட்டார். இல்லை என்றேன். லீலாபாய் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: "தின்னாரு அண்ணா, மீன்கறி விட்டு!" அண்ணனும் தங்கையும் ஒரே கட்சி. எனக்கு ஆள் இல்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

நானும் கனகதாஸும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் கேட்டால் அவர் விட்டுக்கொடுக்கிறார், அவர் கேட்டால் நான். வாத்து முட்டை முட்டைக்கடை விலைக்கே போயிற்று. ஏலம் முடிந்ததும் வேதமாணிக்கம் எங்களைத் தனியே கூப்பிட்டார். "சர்ச் ஓடு மாத்தணும். நீங்க ரெண்டு பேரும் இப்பிடிக் கூட்டாயிட்டா சபை எங்க போவும்? மாசத்துல ஒரு ஞாயிறாவது பிணங்கப்பிடாதா?" மனுஷன் தமாஷாகச் சொல்லவில்லை.

9 ஏப்ரல், செவ்வாய்

காலை நடையில் பாதி வழியில் நின்றேன். இன்று சாயங்காலம் கல்யாணத்துக்கு அழைக்க வருகிறேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"இப்பந்தான் நேரம் கிட்டிச்சா? ரத்னபாய் என்னைக்கோ பாயாசத்துக்குப் பயறு வறுத்து வச்சிருக்கா" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உமக்கு ஒரு கேடும் இல்லேன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிப்போட்டாரு."

தெரிந்தும் இத்தனை நாள் வந்திருக்கிறார். "பின்ன எதுக்கு வந்தீரு?" என்று கேட்டேன்.

"சும்மா நடக்கத்தான்."

9 மே, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. போட்டோ எடுக்கும்போதுதான் ரகளை. அண்ணன் வராமல் நிற்கமாட்டேன் என்றாள் லீலாபாய். கனகதாஸ் சமையல் பந்தலில் சாம்பார்க்காரனோடு சண்டையில் இருந்தார். பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். தோளில் துண்டு, சட்டையில் மஞ்சள். வந்தவர் நேராகத் தங்கைக்கும் எனக்கும் நடுவில் நின்றார். போட்டோக்காரப் பையன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். தள்ளினேன். இன்னும் தள்ளச் சொன்னான். பெண்ணின் அப்பா படத்தில் பாதிதான் விழுந்திருப்பேன்.

லீலாபாய் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.