சிவப்பெல்லாம் கிழடல்ல, மச்சான்

அன்புள்ள மச்சானுக்கு,

வழக்கத்துக்காகத்தான் ‘அன்புள்ள’ என்று போட்டேன். உங்கள் மீதுள்ள கோபம் ஓராண்டில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாளில் உறவினர்களுக்குக் கொடுக்க, உங்கள் வானவியல் புத்தகத்தை உங்கள் மகன் மறுபடி அச்சடிக்கிறான். பிழை பார்க்க என்னிடம்தான் வந்தது. அதே வரி: “நட்சத்திரக் கூட்டம் சிவந்திருந்தால் முதியது, நீலமாக இருந்தால் இளையது.” கடைசிப் பக்கத்தில் ‘சரிபார்த்தவர்’ என்று என் பெயர்.

அது பாதி உண்மை. ஒரே வயதுள்ள இரண்டு பழைய கூட்டங்களில்கூட ஒன்று சற்று நீலமாகவும் மற்றது சிவப்பாகவும் இருக்கும். ஹைட்ரஜனும் ஹீலியமும் போக மீதி எல்லாவற்றையும் வானவியலில் உலோகம் என்பார்கள். அது கூடுதலாக உள்ள நட்சத்திரம் நீல ஒளியை அதிகம் விழுங்கிவிடும். நமக்கு வந்து சேர்வதில் சிவப்பு மிஞ்சும்.

திருச்சுழியில் நீங்கள் தொலைநோக்கி வைத்துக் காட்டிய அன்று இதைச் சொல்லத்தான் எழுந்தேன். ‘உலோகம்’ என்று ஆரம்பித்ததுமே மைக்கிலேயே கேட்டீர்கள்: “ஏன் மாப்ள, வானத்துல இரும்புக்கடை போட்டிருக்கீகளோ?” கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். என்னையும் சிரிக்க வைத்தீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று புத்தகங்களைப் புரட்டினேன். நான் சொன்னதுதான் சரி. அப்படியும் முதல் பதிப்புக்குப் பிழை பார்த்தபோது உங்கள் வரியைத் தொடாமல் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்குத் தெரிந்தேதான் கேலி செய்தீர்களா?

திருத்தலாமா என்று உங்கள் மகனிடம் கேட்டேன். “வேணாம் மாமா. அப்பா எழுதுனது அப்படியே இருக்கட்டும். சங்கடமா இருந்தா உங்க பேர எடுத்துருவோம்” என்றான்.

உங்கள் தங்கை அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “இருந்தப்ப வாயத் தொறக்கல. செத்தவுககிட்டயா வீரத்தக் காட்டுறீக?”

பெயரை எடுத்துவிடச் சொல்வது எனக்குப் பழகிய வழி. இரண்டு நாள் யோசித்தேன். இன்று காலை பாலவனத்தத்தில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டை அச்சகத்துக்குப் போனேன். அந்த வரியை அடித்துவிட்டு, “வயது மட்டுமல்ல, உலோகமும் நிறத்தை மாற்றும்” என்று எழுதிக் கொடுத்தேன். என் பெயர் இருக்கட்டும் என்றேன்.

“அவுக வீட்ல சொல்லியாச்சா சார்?” என்றார் அச்சகக்காரர்.

“ம்” என்றேன். பொய்.

புத்தகம் வந்ததும் உங்கள் மகன் கேட்பான். டைப் செய்தவரின் தவறு என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்ல மாட்டேன், மச்சான். நான்தான் மாற்றினேன் என்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்